மஞ்சள் ஜேர்சி கடைசியில் யாருக்கு?

கேள்வி: 2025இல் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தில் 184 பேர் ஓடினார்கள். இத்தனை பேருக்குள் மொத்த வெற்றியாளரை எப்படி முன்கூட்டியே சொல்வது?
(மாணவன், பரந்தன்)

பதில்: முதலில் 170 பேரை அழித்துவிடுங்கள் தம்பி. கட்ட முடிவில் பாய்ந்து வெல்லும் வேகக்காரர்கள் மலை வந்தவுடன் அரை மணித்தியாலம் பின்தங்கிவிடுவார்கள். தலைவனுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் தங்கள் நேரத்தை எண்ணுவதே இல்லை. மிஞ்சுகிற பதினாலு பேரும் நன்றாக மலையேறுவார்கள், தனியாக நேரத்தோடு போட்டி போடவும் தெரிந்தவர்கள். அவர்களுக்குள் ஒருவரைத் தெரிவுசெய்ய நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இவருக்கு ஒரு மோசமான நாள் வந்தால் எத்தனை நிமிடம் போகும்?

2023இல் பதினைந்து கட்டம் முடிந்தபோது முதலிரு இடங்களில் இருந்த விங்கெகோவுக்கும் போகாச்சருக்கும் இடையில் பத்தே செக்கன். ஓய்வு நாள் கழிந்து வந்த தனிநபர் நேர ஓட்டத்தில் போகாச்சர் 1 நிமிடம் 38 செக்கனை இழந்தார். மறுநாள் கோல் டி லா லோஸ் மலையில் இன்னொரு 5 நிமிடம் 45 செக்கன் போயிற்று. பாரிஸில் முடிவு 7 நிமிடம் 29 செக்கன். இரண்டு நாளைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் இருவரும் ஏறத்தாழச் சமம்.

கேள்வி: ஒரு கட்டத்திலும் முதலாவதாக வராமல் முழு ஓட்டத்தையும் வெல்ல முடியுமா?
(முழங்காவில்)

பதில்: முடியும். 1990இல் கிரெக் லெமொண்ட், 2017இல் கிறிஸ் ஃப்ரூம். இருபத்தொரு நாளின் நேரத்தையும் கூட்டினால் யாருக்குக் குறைவோ அவருக்கே மஞ்சள் ஜேர்சி.

கேள்வி: நான் சைக்கிள் திருத்துகிறவன். ஆள் வெல்கிறாரா, சைக்கிள் வெல்கிறதா?
(புதுக்குடியிருப்பு)

பதில்: ஆள்தான் அண்ணை. 6.8 கிலோவுக்குக் குறைந்த சைக்கிளை யாருக்குமே அனுமதிப்பதில்லை. ஆனால் உங்கள் தொழிலுக்குப் பெருமை சேர்க்கும் நாள் ஒன்று இருக்கிறது. 1989, கடைசிக் கட்டம், வெர்சாயிலிருந்து பாரிஸுக்கு 24.5 கிலோமீற்றர் நேர ஓட்டம். லோரான் ஃபின்யோன் 50 செக்கன் முன்னிலையில் இருந்தார். இந்தச் சிறு தூரத்தில் அதைப் பிடிக்க முடியாது என்றுதான் அநேகம் பேர் நம்பினார்கள். லெமொண்டின் ஹாண்டிலில் முன்னுக்கு நீட்டிய இரண்டு பிடிகள் இருந்தன. முழங்கையை ஊன்றி, உடலை ஒடுக்கி, காற்றைக் கிழித்துப் போனார். ஃபின்யோன் சாதாரண ஹாண்டிலோடு, தலைக்கவசமும் இல்லாமல், குடுமி பறக்க வந்தார். 8 செக்கனில் தோற்றார். ஆண்களின் டூர் வரலாற்றில் அதைவிடச் சிறிய வித்தியாசம் இன்றுவரை இல்லை.

கேள்வி: ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு கட்டம் வைத்தால் யார் வெல்வார்? மலையே இல்லையே!
(கிளிநொச்சி)

பதில்: இந்தக் கேள்விக்காக எவ்வளவு காலம் காத்திருந்தேன்! ஏறத்தாழ 140 கிலோமீற்றர், முழுக்கச் சமதரை. சாதாரண நாளில் எல்லோரும் ஒரே கூட்டமாக வந்து சேர்வார்கள், கூட்டத்தில் வந்த அனைவருக்கும் ஒரே நேரம் எழுதப்படும். மொத்தக் கணக்கில் ஒன்றும் அசையாது.

ஆனால் சோளகம் வீசும் மாதத்தில் அந்த ஓட்டத்தை வையுங்கள். மாங்குளம், முறிகண்டி வரை மரங்கள் காக்கும். பரந்தன் தாண்டி ஆனையிறவுக்குள் இறங்கினால் இரு பக்கமும் கடல்நீரேரி, மறைப்புக்கு ஒரு பனையும் கிடையாது. வடக்கே போகிறவர்களுக்குக் காற்று இடது பக்கப் பின்புறமிருந்து அடிக்கும். முன்னால் போகிறவர் வீதியின் இடது ஓரத்தைப் பிடிப்பார். அடுத்தவர் அவருக்கு வலப்புறம் சற்றுப் பின்னால், அதற்கடுத்தவர் இன்னும் வலப்புறம். இப்படிச் சாய்வாக ஒரு வரிசை விரியும். வீதியின் அகலத்தில் எத்தனை பேர் கொள்வார்களோ அத்தனை பேருக்குத்தான் மறைப்பு. அதற்குப் பின்னால் வருகிறவர் வலது ஓரத்தில் ஒற்றை வரிசையில் முழுக் காற்றையும் வாங்குவார். அங்கே ஒருவர் தனக்கு முன்னால் போகிறவரின் சில்லை ஒட்டிப் போக முடியாமல் விட்டால் அவருக்குப் பின்னால் வந்த அனைவரும் போனார்கள்.

2013இல் பிரான்ஸில் இதே கதை. இரண்டாம் இடத்திலிருந்த வல்வேர்டேயின் சில்லு பழுதானது. அதைச் சரிசெய்வதற்குள் பக்கக்காற்றில் முன்கூட்டம் போய்விட்டது. மலையே இல்லாத அன்று அவர் இழந்தது ஏறத்தாழப் பத்து நிமிடம்! ஆகவே என் ஊகம் இது: பரந்தன் சந்தியைக் கடக்கும்போது முதல் இருபது பேருக்குள் எந்தக் குழுவின் ஆட்கள் நாலைந்து பேர் நிற்கிறார்களோ, அந்தக் குழுத் தலைவன்.

கேள்வி: எல்லாருடைய ஊகமும் பிழைத்த ஓட்டம் ஒன்று சொல்லுங்கள்.
(ஒட்டுசுட்டான்)

பதில்: 2025 இத்தாலிச் சுற்று. முடிவுக்கு இரண்டு நாள் இருக்கையில் மெக்சிக்கோவின் இருபத்தொரு வயது டெல் டோரோ முதலிடம், 43 செக்கன் பின்னால் கரபாஸ், 1 நிமிடம் 21 செக்கன் பின்னால் சைமன் யேட்ஸ். ஃபினெஸ்ட்ரே மலையில் யேட்ஸ் எழும்பிப் போனார். மற்ற இருவரும் 'நீ துரத்து, நீ துரத்து' என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மலைக்கு அப்பால் யேட்ஸின் குழுக்காரர் வான் ஆர்ட் காத்திருந்து இழுத்துப்போனார். கடைசியில் யேட்ஸ் 3 நிமிடம் 56 செக்கனால் வென்றார். 2018இல் முதலிடத்திலிருந்த யேட்ஸ் இதே மலையில்தான் உடைந்து, ஒரே நாளில் 38 நிமிடத்துக்கு மேல் இழந்திருந்தார். ஏழு வருடம் கழித்து அதே மலைக்குத் திரும்பி வந்து வென்ற மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

கேள்வி: போகாச்சரை விட்டால் ஆள் இல்லையா?
(செட்டிகுளம்)

பதில்: டூரில் 2020, 2021, 2024, 2025 அவருடையவை. 2022, 2023 விங்கெகோவுடையவை. ஆள் இருக்கிறார்!

கேள்வி: விமானப்படை வருடாந்தம் நடத்தும் சைக்கிள் சவாரியைப் பார்த்து என் மகனுக்கும் ஆசை வந்துவிட்டது. தனியாகவே பயிற்சி செய்கிறான். வெல்வானா?
(ஒரு தந்தை, வவுனியா)

பதில்: ஒரு கட்டத்தை வெல்லலாம் ஐயா. பல நாள் ஓட்டத்தின் மொத்த வெற்றி தனியாளுக்கு மிகக் கடினம். முப்படைகளின் வீரர்கள் குழுவாக வருகிறார்கள். ஒருவர் தப்பி ஓடினால் துரத்த ஆள், ரயர் காற்றுப் போனால் சில்லுக் கொடுக்க ஆள், காற்றுக்கு முன்னால் நிற்க ஆள். உங்கள் மகன் இவ்வளவையும் ஒற்றை உடம்பால் செய்யவேண்டும். அவனுக்கு வரும் மோசமான நாளைத் தாங்கிக்கொள்ள யாருமில்லை.

எரிபொருள் தடைக் காலத்தில் நெல்மூட்டையும் விறகும் நோயாளியும் சைக்கிளில் போன மண் இது. கால் பலத்துக்குக் குறைவில்லை. இங்கே குறைவது ஐந்து பேர் சேர்ந்த ஒரு குழு. பக்கத்து ஊர்களில் நாலு பிள்ளைகளைத் தேடிச் சேருங்கள், வாரத்தில் ஒருநாளாவது சேர்ந்து ஓடட்டும். தலைவனாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 2023இல் ஸ்பெயின் சுற்றை வென்ற செப் குஸ், தன் தலைவர்கள் விங்கெகோவுக்கும் ரோக்லிச்சுக்கும் மலையில் துணைபோக வந்தவர்.

கேள்வி: பெண்களுக்கும் டூர் உண்டா?
(மாணவி, முள்ளியவளை)

பதில்: உண்டு பிள்ளை. 2022 முதல் புதிய வடிவில் நடக்கிறது. 2024இல் டெமி வோலரிங்தான் வெல்வார் என்று பெரும்பாலானோர் சொன்னார்கள், நானும் அப்படியே எண்ணினேன். ஐந்தாம் கட்டத்தில் முடிவுக்கு ஆறு கிலோமீற்றர் இருக்கையில் விழுந்தார். கடைசி மூன்று கிலோமீற்றருக்குள் என்றால், விழுந்தவருக்கும் கூட்டத்தின் நேரமே எழுதும் போட்டி விதி காப்பாற்றியிருக்கும். ஒன்றரை நிமிடத்துக்கு மேல் போயிற்று. கடைசி நாள் அல்ப் டுவேஸ் உச்சியில் முதலாவதாக வந்தும் மொத்தத்தில் 4 செக்கனால் தோற்றார். வென்றவர் போலந்தின் கஸ்யா நியேவியதோமா.

கேள்வி: மூன்று வாரமும் பார்க்க நேரமில்லை. எந்த நாளைப் பார்க்கலாம்?
(மல்லாவி)

பதில்: வழிப்படம் வெளியானதும் கடைசி வாரத்தின் மிக உயர்ந்த மலையையும், கடைசி நேர ஓட்டத்தையும் குறித்துவையுங்கள். நம் நேரப்படி இரவு ஒன்பது மணி அளவில் முடியும். மற்ற நாட்களுக்குப் பெறுபேறு பார்த்தால் போதும். ஆனால் ஒரு நாள் காலையில் பலத்த காற்று என்று சொன்னால் மட்டும், சமதரைக் கட்டமாக இருந்தாலும் தவறவிடாதீர்கள்.