வாரும் டாக்டரய்யா, ஊசியைக் கீழே வையும்

வாரும்யா டாக்டரே! ஜார்ஜியாவுல ஆறு வருசம் பனியில வெறைச்சுப் படிச்சிட்டு வந்திருக்கீரு. ஒங்கப்பன் வித்த கிணத்தடி நெலம் ஒம்ம கழுத்துல ஸ்டெதஸ்கோப்பாத் தொங்குது. அழகாத்தான் இருக்கு. ஆனா அதைக் கொண்டாந்து இந்தத் தாத்தன் நெஞ்சுல மட்டும் வச்சிராதேயும். சட்டப்படி இப்ப நீரும் ஒண்ணு, நானும் ஒண்ணு.

போர்டு எழுதக் குடுத்துட்டியாமே? ஏலே, பெயிண்டர்கிட்ட ஓடிப்போயி, டாக்டர்ங்கிற எடத்தை மட்டும் இப்போதைக்குக் காலியா விடச் சொல்லு.

மொதல்ல, வெளிநாட்டுல டாக்டருக்குப் படிச்சவங்க இங்க எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. பரீட்சை. 2002லருந்து நடக்குது. வருசத்துக்கு ரெண்டு தடவை, ஒரே நாள்ல 300 கேள்வி. 150 சரியா வந்தா பாஸ். தப்பா எழுதினா மார்க்கைக் கழிக்க மாட்டான். எத்தனை தடவை வேணும்னாலும் எழுதிக்கோங்கிறான். இம்புட்டுத் தாராளமான்னு வாயைப் பொளக்காத. 2023 ஜூன் பரீட்சை எழுதினவங்கள்ல நூத்துக்குப் பத்துப் பேருதான் தேறுனாங்க.

பரீட்சையே கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். என் வயித்தைக் கிழிக்கிற கை, கொடலு எது கொடிக்கயிறு எதுன்னு தெரிஞ்ச கையா இருக்கணும்ல? ஆனா உள்ளூர்லயே கோடி கொட்டிப் படிச்ச பயலை இந்த 300 கேள்வி கேக்கலையே, அதுதான் எனக்கு உறுத்துது. எல்லாருக்கும் நெக்ஸ்ட்னு பொதுப் பரீட்சை வைப்போம்னு 2019 சட்டத்துலயே எழுதிட்டாங்க. எழுதினது எழுதினபடி கெடக்கு.

சரி, தேறிட்டன்னே வையி. அங்க ஒரு வருசம் பயிற்சி பாத்திருந்தாலும், இங்க இன்னொரு வருசம் ஹவுஸ் சர்ஜனா நிக்கணும். அதுக்கு எடம்? வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு ஏழரை சதவீதம். நூறு சீட்டு காலேஜுன்னா ஏழெட்டுப் பேரு. ஏழரைன்னு பாத்துத்தான் வச்சிருக்கான் பாரு! உக்ரைன்ல குண்டுக்குப் பயந்து ஓடியாந்த கடைசி வருசப் பிள்ளைகளுக்கு ஒரு வருசம் பத்தாது, ரெண்டு வருசம் நில்லுன்னு 2022ல உத்தரவு வேற.

அதுவரைக்கும் யாருக்கும் ஊசி போட்டுறாத. பரீட்சை எழுதாம வைத்தியம் பாக்க நம்ம பக்கம் ஏற்கெனவே ஆளு இருக்கு. மெடிக்கல் ஷாப்புல நாலு வருசம் பொட்டலம் மடிச்சவன், மஞ்சப்பையில சிரிஞ்சோட வாராவாரம் வாரான். எந்த நாட்டுல படிச்சேன்னு அவனை ஒரு பய கேட்டதில்ல. நீ சர்டிபிகேட் வச்சிருக்க, ஒன்னையத்தான் புடிப்பான்.

அடுத்து நெலம் விக்கக் கெளம்பியிருக்கிற தகப்பன்மாரே, நீங்களும் கேட்டுக்கோங்க. ஏசி ரூமுல ஒக்காந்திருக்கிற ஏஜெண்டு, விமான டிக்கெட்டு, தென்னிந்தியச் சாப்பாடு, ஹாஸ்டல் வெந்நீர்னு எல்லாம் சொல்லுவான். 54 மாசப் படிப்பு, இங்கிலீசுல பாடம், 12 மாசப் பயிற்சின்னு 2021 விதி இருக்கிறதை நீங்களா கேட்டாத்தான் வாயைத் தொறப்பான். அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முந்தி இன்னொண்ணும் கேளுங்க: படிச்சு முடிச்சா அந்த நாட்டுப் பிள்ளைக்குச் சமமா எம்பிள்ளையும் அங்கயே லைசென்ஸ் வாங்க முடியுமா? முடியாதுன்னா, அந்தப் படிப்பு இங்கயும் செல்லாது.