இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு

மட்டக்களப்பில் நாலு பேர் சேர்ந்து ஒரு கூடாரத்தை வாங்கி, சனிக்கிழமை இரவைக் காட்டில் கழிப்பதென்று புறப்பட்டால், அவர்களில் ஒருவர் இடம் பார்க்கிறவராக இருப்பார். அவரை யாரும் நியமிப்பதில்லை. வாகனம் வலையிறவுப் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குள் இறங்கியதும் பதவி தானாகவே அவரிடம் போய்ச் சேரும். முன் இருக்கை அவருடையது. கையில் இருக்கும் போனில் செய்மதிப் படம் விரிந்திருக்கும். அதில் பச்சையாகத் தெரிவதெல்லாம் காடு, நீலமாகத் தெரிவதெல்லாம் குளம் என்பது அவருடைய புவியியல். காற்சட்டையில் எட்டுப் பை இருக்கும். எட்டிலும் எதையோ தேடிக்கொண்டிருப்பார். உன்னிச்சைக் குளத்து அலைகரையில் மேடும் நிழலும் தண்ணீரும் ஒருங்கே அமைந்த இடமொன்று பிற்பகல் இரண்டு மணிக்கே எதிர்ப்படும். பின்னால் இருக்கும் மூவரும் சட்டி பானையோடு இறங்கத் தயாராவார்கள். அவர் இறங்கி, இடுப்பில் கைவைத்து, நிலத்தைச் செருப்பு நுனியால் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்: "இது ஒண்ணா மனே. ஆக்கள் வந்து போன இடம். இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போவம்."

அவரைப் பற்றி நண்பர்கள் சொல்லும் குறை, மனிதர் லேசில் திருப்திப்பட மாட்டார் என்பது. அது நியாயமான குறை அல்ல. யானையும் முதலையும் வெள்ளமும் உள்ள நாட்டில், படுக்கப் போகும் இடத்தைப் பற்றி ஒருவர் மகனுக்குப் பெண் பார்க்கும் தாயைப் போல நொட்டை சொன்னாலும் தகும். அவருடைய பிழை வேறு. மனிதர் இருந்த தடயம் கண்ணில் பட்டால் அதை அவர் குறையாகக் கணக்கெடுக்கிறார். மூன்று அடுப்புக் கல்லுக்கு இவ்வளவு, காய்ந்த சாணத்துக்கு இவ்வளவு, வெட்டுப்பட்ட கொப்புக்கு இவ்வளவு என்று புள்ளி குறைத்துக்கொண்டே போகிறார். ஆனால் படுவான்கரை நேற்றுக் கடலில் இருந்து எழும்பிய தீவல்ல. கரடியனாற்றுப் பக்கத்துக் குசலானமலையில் பிராமிக் கல்வெட்டே இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளாக ஆட்கள் மாடு மேய்த்தும் வயல் செய்தும் வலை வீசியும் புழங்கிய நிலத்தில் ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கிறதென்றால், அதை அப்படி விட்டவர்களுக்கு ஏதோ காரணம் இருந்திருக்கிறது. நம்மவர் தேடிப் போவது அந்தக் காரணத்தைத்தான். அதைக் கண்டுபிடிக்கும்வரை ஓயவும் மாட்டார்.

அலைகரையையே எடுத்துக்கொள்வோம். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி என்று எல்லாக் குளங்களும் வற்றி உள்வாங்கும். தண்ணீர் விலகிய நிலத்தில் இளம்புல் முளைத்து, யாரோ வெட்டிச் சமன்செய்து வைத்தார்களோ என்று எண்ணும்படி பச்சையாக விரிந்து கிடக்கும். இடம் பார்க்கிறவருக்கு இதைக் கண்டதும் பேச்சு வராது. அடுப்புக் கல் இல்லை, ஆள் அரவம் இல்லை, தண்ணீரோ காலடியில். காடெல்லாம் காய்ந்து சருகான அந்த மாதங்களில் யானைக்கு மிஞ்சியிருக்கும் நல்ல மேய்ச்சலும் அந்தப் புல்தான் என்பது செய்மதிப் படத்தில் தெரியாது. மின்னேரியாவில் வருடந்தோறும் நூற்றுக்கணக்கான யானைகள் கூடுவதை வெளிநாட்டார் காசு கொடுத்துப் பார்க்கிறார்களே, அவற்றை அங்கே வரவழைப்பதும் வற்றிய குளத்துப் புல்தான். நம்முடைய குளங்களில் அதைக் காசில்லாமல் பார்க்கலாம். கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு பார்ப்பதில்தான் கொஞ்சம் சிரமம். 2011 இல் நாடளாவிய கணக்கெடுப்பு நடத்தி 5,879 யானைகள் என்று சொன்னார்கள். எண்ணப் போனவர்கள் காடு காடாக அலையவில்லை. வறட்சிக் காலத்தில் நீர்நிலைகளின் ஓரம் காத்திருந்தார்கள். யானைகள் தாமாகவே எண்ணுவதற்கு வந்து சேர்ந்தன.

அதே குளத்தில் பட்டிக்காரர் எங்கே படுக்கிறார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அவருடைய மாட்டுப்பட்டி புல்லை விட்டு விலகி, மேட்டில், சரளை நிலத்தில் இருக்கும். காட்டுத்தடி நட்டு அடைத்த வேலி. ஒரு மூலையில், காய்ந்த சாணத்தின் மேல் பச்சைக் கொப்பைப் போட்டு மூட்டிய நெருப்பு இரவு முழுக்கப் புகைந்துகொண்டிருக்கும். நுளம்பும் இலையானும் மாட்டை அண்டாது, அருகில் படுத்திருக்கும் மனிதரையும் அண்டாது. தண்ணீர் எடுக்கக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். அந்தத் தூரத்தை இடம் பார்க்கிறவர் வசதிக் குறைவு என்பார். பட்டிக்காரருக்கோ இராத்திரி தண்ணீருக்கு வருகிற மற்றவர்களோடு முகம் முட்டாமல் இருப்பதற்கான வழி அது. நிழலிலும் அவருக்குக் கணக்கு உண்டு. பாலைமர நிழலைப் போலக் குளிர்ந்த நிழல் காட்டில் குறைவு. ஆனாலும் பழம் உதிரும் காலத்தில் அதன் கீழ் பாயை விரிக்கமாட்டார், பாலைப்பழத்துக்குக் கரடி வரும் என்பதால். வட்டைக்குள் காவல் இருப்பவரோ ஒருபடி மேலே போய் மரத்திலேயே பரண் கட்டி ஏறிவிடுகிறார். கீழே நெருப்பு, கைக்கு எட்டும் இடத்தில் யானை வெடி. இத்தனை பேர் இத்தனை காலம் உயிரைப் பணயம் வைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவுதான் அந்த மூன்று அடுப்புக் கல். நம்மவர் அதைச் செருப்பு நுனியால் தட்டிவிட்டு மேலே நடக்கிறார்.

வாவிப் பக்கம் வந்தாலும் அவருடைய வழக்கம் மாறுவதில்லை. ஏறாவூர்ப் பக்கத்தில் தொடங்கிக் கல்முனை வரை ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியில், மீன்பிடிகாரரின் வாடிகள் இருக்குமிடம் வெட்டையாக இருக்கும், காற்றுப் பிடிக்கும், மீன் வெடிலும் அடிக்கும். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கண்டல் காட்டுக்குள் ஒதுங்கிய ஒரு திட்டைப் பிடிப்பார். கூடாரத்துக்கு முளை வேண்டுமே என்று சுற்றிப் பார்த்தால், வளைவு நெளிவில்லாத தடியாக ஒரு மரம் கத்தி படாமல் நிற்கும். அது தில்லை. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வையே மங்கிப்போகும், எரித்தால் புகையும் கண்ணைக் கரிக்கும். அந்த மரம் அங்கே கத்தி படாமல் நின்றதற்கு ஊராரின் சோம்பல் காரணமல்ல. அதே கண்டல் ஓரத்து நிழல்தான் வாவி முதலைக்கும் பிடித்தமான இடம் என்பதை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

மாரியில் கதை இன்னும் சுவாரசியமானது. கடல் மண் திரண்டு முகத்துவாரத்தை மூடியிருக்கும். படுவான்கரை ஆறுகளின் வெள்ளமெல்லாம் வாவிக்குள் வந்து நிற்கும். பாலமீன்மடுவில் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால்தான் தண்ணீர் கடலுக்கு இழுக்கும். எப்போது வெட்டுவது என்பது கச்சேரியில் கூட்டம் போட்டுப் பேசித் தீர்மானிக்கிற காரியம். ஆகவே வாவிக்கரையில் ஒருவர் இன்றிரவு நனையாமல் தூங்குவது மழையை மட்டும் பொறுத்ததல்ல, கூட்ட அறிக்கையையும் பொறுத்தது. முன்னைய வெள்ளம் எதுவரை ஏறியது என்று மரத்தண்டில் படிந்த சேற்றுக் கோடு சொல்லும். வாடிக்காரர் அந்தக் கோட்டுக்கு மேலேதான் கிடுகு வேய்ந்திருக்கிறார். இடம் பார்க்கிறவர் மரத்தில் பார்ப்பது ஊஞ்சல் படுக்கை கட்டுவதற்கான கொப்பை.

"உள்ளுக்கு" என்ற அவருடைய மந்திரத்துக்கு இந்த மாவட்டத்தில் வேறொரு சரித்திரமும் இருக்கிறது. குடும்பிமலைக் காடு 2007 ஜூலை வரை போர்க்களம். அதற்குப் பின்னும் பல காலம் ஆள் போகாத இடம் என்பதற்கு மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைதான் பொருள். மாவட்டத்தில் கண்ணிவெடி இல்லை என்று அறிவிக்க 2017 ஆகிவிட்டது. மாடு போன தடத்தில் மட்டும் கால்வைப்பது என்ற பழக்கம் அங்கே பலருக்கு அப்படித்தான் படிந்தது. நாவலடிக் கடற்கரையில் 2004 டிசம்பர் 26 க்குப் பிறகு வெறுமையான இடங்களும் உண்டு. அவற்றைப் பற்றிப் பகிடி எழுத எனக்கு மனம் வராது.

ஆட்கள் தங்கிய இடமே நல்ல இடம் என்ற என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. ஆட்கள் தங்கிய இடம் என்றால் அங்கே குப்பை இருக்கும், குப்பை இருந்தால் யானை வரும், அப்படியானால் ஆளில்லாத இடம்தானே உத்தமம்? இதில் உண்மை இல்லாமல் இல்லை. அம்பாறையில் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுக்குச் சாப்பாடு தேடி வந்து பிளாஸ்டிக்கை விழுங்கிச் செத்த யானைகளின் செய்தி 2022 இல் உலகப் பத்திரிகைகளிலேயே வந்தது. சோற்றுப் பார்சலின் வாசனையை யானை மறப்பதில்லை. ஆனால் இந்த மறுப்பு இரண்டு விதமான தடயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது. வேலைக்காகத் தங்கியவர் சாம்பலையும் சாணத்தையும் விட்டுப் போகிறார். பொழுதுபோக்கத் தங்கியவர் போத்தலையும் லஞ்ச் ஷீற்றையும் கோழி எலும்பையும் விட்டுப் போகிறார். முதலாவது சான்றிதழ், இரண்டாவது அழைப்பிதழ். இடம் பார்க்கிறவர் இரண்டையும் வேறுபிரித்துப் பார்க்கப் பழகியிருந்தால் நான் அவருக்கு எதிராக ஒரு வரிகூட எழுதமாட்டேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அழைப்பிதழைப் பெரும்பாலும் விட்டுப் போவது, போன மாதம் இதே குளத்துக்கு வந்த இன்னொரு குழுவின் இடம் பார்க்கிறவர்.

தனிமைக்காகத்தானே ஒருவர் காட்டுக்குப் போகிறார், பட்டியடியில் போய்ப் படுப்பதற்கா என்பது அடுத்த கேள்வி. வெளிநாட்டுக் காடுறை நூல்கள் தனக்குச் சாதகமாக நிற்பதாக அவர் நினைக்கிறார். தடம் விடாமல் தங்கும் முறையை அமெரிக்காவில் பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆட்கள் அதிகம் போகும் காடுகளில் ஏற்கனவே பழகிய இடத்திலேயே தங்கு, தண்ணீரை விட்டு இருநூறு அடி தள்ளிப் படு என்பதுதான் அதில் வருவது. பட்டிக்காரர் ஆங்கிலம் படிக்காமலே அதைக் கடைப்பிடிக்கிறார். மனிதக் கால் படாத காட்டுக்கு அவர்கள் வேறு விதி வைத்திருப்பது உண்மை. படுவான்கரை அந்த வகையில் சேராது. தனிமையோ, அவருக்கே அது எவ்வளவு தேவை என்பது ஐயத்துக்குரியது. கூடாரம் நிமிர்ந்த பத்தாவது நிமிடம் புளூடூத் ஸ்பீக்கர் பாடத் தொடங்கும். பதினோராவது நிமிடம் சிக்னல் இல்லையே என்று போனைத் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறுவார்.

உகந்தையில் காட்டுப்பாதை திறந்ததும் குமுண, யால வழியே கதிர்காமத்துக்கு நடக்கிற யாத்திரிகரை இவரோடு ஒப்பிட்டால் யாருக்கு மரியாதை குறையும் என்று தெரியவில்லை. வியாழையிலும் கட்டகாமத்திலும், தலையில் மூட்டையோடு வந்த ஆச்சி சாக்கை இறக்கிப் படுக்க ஐந்து நிமிடம் போதும். அவவுக்கு முன் போனவர்கள் படுத்த இடம். அதற்கு மேல் அவ விசாரிப்பதில்லை. அது ஆயிரக்கணக்கான கூட்டம், நாங்கள் நாலு பேர் என்று நம்மவர் சொல்வார். சரிதான். கூட்டமாகப் போகிறவர்களே பழைய இடத்தை விடுவதில்லையென்றால், நாலு பேர் எந்தத் தைரியத்தில் விடுகிறார்கள்?

அவர் உண்மையில் இடத்தைத் தெரிவுசெய்வதும் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. நம்முடைய பக்கத்தில் பொழுது விழுந்தால் அரை மணித்தியாலத்துக்குள் கண்மண் தெரியாத இருட்டு. ஐந்தேமுக்காலுக்கும் அவர் "மறுகா அந்தத் திருப்பத்தையும் பாப்பம்" என்றுகொண்டிருப்பார். ஆறரைக்கு வான் எங்கே புதைந்து நின்றதோ அங்கே கூடாரம் எழும்பும். அது வாய்க்கால் கட்டாக இருக்கலாம், வன இலாகாவின் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமாக இருந்து காலையில் அனுமதிக் கடிதம் கேட்கப்படலாம், காடும் குளமும் சந்திக்கும் ஒற்றையடிப் பாதையாகவும் இருக்கலாம். அந்தப் பாதையை வெட்டியது யார் என்று அவர் யோசிப்பதில்லை. அதிகாலையில் பால் கறக்க வரும் பட்டிக்காரர், "ராவைக்குத் தனியன் இதாலதான் வாறது தம்பி, நேத்து என்னவோ வரல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்த இடமே அன்று மத்தியானம் பேஸ்புக்கில் அவருடைய கண்டுபிடிப்பாக ஏறும். தண்ணீரின் தூய்மையைப் பற்றித் தனிப் பந்தி இருக்கும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர்தான் சுத்திகரித்து மட்டக்களப்பு நகருக்குக் குழாயில் வருகிறது என்பதால், அதை அவர் வீட்டுக் குசினியிலும் குடிக்கலாம்.

பட்டிக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிட்டால் என்ன என்றால் அவரிடம் ஒரு பதில் உண்டு: கேட்டால் காசு கேட்பார்கள். கேட்கட்டுமே. வெற்றிலைக்கும் ஒரு பிஸ்கட் பெட்டிக்கும் மேல் போகாத செலவு அது. அதற்கு மேலே ஒரு போத்தல் எருமைத் தயிரும் வாங்கிக்கொள்ளலாம். இந்தச் செலவுக்கு அஞ்சுகிறவர் கூடாரத்தின் உள்ளே மாட்டுவதற்கு மட்டும் மூன்று நிறத்தில் லைட் வாங்கி வந்திருக்கிறார்.