நிலா எந்தக் கட்சி?

மசக்கை மனைவிக்கு. தமிழ்ப்பற்று இவருக்கு. இரண்டும் ஒரே மாதத்தில்தான் தொடங்கும்.

அதுவரை இவர் கடைசியாகத் தமிழ் படித்தது பன்னிரண்டாம் வகுப்பில். அங்கேயும் செய்யுள் வினாக்களை முடிந்தவரை சாய்ஸில் விட்டுத்தான் மென்பொருள் பொறியாளர் ஆனார். இப்போது அலுவலகம் போகிற கேப்பில் பத்துப்பாட்டு படிக்கிறார். பெண் குழந்தைக்குப் பெயர் தேடுகிறாராம். பிறக்கப்போவது பெண் என்று எப்படித் தெரியும்? ஸ்கேன் எடுப்பவர் சொல்ல முடியாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். “ஆண் பிள்ளைக்கு இவ்வளவு பூ இல்லையே!” என்பார். அவர் கணக்கில் அது போதுமான ஆதாரம்.

பெயருக்கு இவர் வைத்திருக்கும் நிபந்தனைகள் எளிமையானவை. தூய தமிழாக இருக்க வேண்டும். இயற்கை மணக்க வேண்டும். சங்க இலக்கியத்தில் இருக்க வேண்டும். குடியிருப்பில் வேறு எந்தக் குழந்தைக்கும் இருக்கக் கூடாது. கபிலர் கையொப்பம் போட வேண்டும். நியூஜெர்சி மேனேஜருக்கும் வாயில் நுழைய வேண்டும். ‘யாழினி’ வெகுநாள் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. ஒரு காணொளிக் கூட்டத்தில் மேனேஜரிடம் சொல்லிக் காட்டச் சொன்னார். அவர் யாஜினி, யாலினி, யாசினி என்று மூன்று குழந்தை பெற்றுக் கொடுத்தார். அன்றோடு யாழ் உறைக்குள் போனது.

பிறகுதான் குறிஞ்சிப்பாட்டு கிடைத்தது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் அருமையைக் காட்டக் கபிலர் பாடியதாகச் சொல்வார்கள். 261 அடிகள், அதற்குள் 99 பூ. நம்மவர் எக்செல் திறந்து 99 வரிசையையும் நிரப்பிவிட்டார். முதல் பூவே செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் வேறு. உடனே மூலனூர்ப் பெரியப்பாவுக்குப் போன் போட்டார்.

“ஏந் தம்பி, நம்ம தோட்டத்துல போட்டிருக்கமே கண்வலிக்கெழங்கு, அதோட பூதானே அது? கெழங்கத் தின்னா ஆளே போயிருவானேப்பா!”

பெரியப்பா சொன்னது பொய்யில்லை. அதிலுள்ள கோல்சிசின் மருந்துக்கும் ஆகும், உயிரையும் எடுக்கும். விதையை நல்ல விலைக்கு விற்பவர் அவர். பேத்திக்கு அந்தப் பெயரை வைக்க மட்டும் துணிவில்லை. சரி, அடுத்தது. குறிஞ்சி? பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் பூக்கும் என்று கேட்டதும், “பாஸ் மார்க் வாங்கவும் அப்படித்தான் காத்திருக்கணுமா?” என்றாள் மனைவி. அவரை, வாழை, பீரம் எல்லாம் சாம்பார், கூட்டு வாடை அடித்தன. ‘நள்ளிருள்நாறி’ என்றொரு பூ. நடுராத்திரியில் மணக்கும் என்பதுதான் பொருள்; ஆனால் பள்ளிக்கூடத்துக்கு உரையாசிரியரைக் கூடவே அனுப்ப முடியாது. ‘நறுமுகை’ அழகுதான், 1997-இல் வந்த ‘இருவர்’ படப் பாட்டு அதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டதால், மாடியில் ஒன்று, எதிர் பிளாக்கில் ஒன்று என்று ஏற்கெனவே இரண்டு மொட்டு.

இந்தப் பைத்தியத்தைப் புதுசு என்று நினைத்தால் தப்பு. அந்தக் காலத்துப் பள்ளி வருகைப்பதிவைப் புரட்டிப் பாருங்கள்: பங்கஜம், அம்புஜம், சரோஜா, கமலா, பத்மா, நளினி. ஆறு பேரும் ஒரே குளத்துத் தாமரை. 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தில் வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். பின்னால் திராவிட இயக்க வீடுகளில் மலர்க்கொடியும் பூங்கோதையும் தேன்மொழியும் பிறந்தார்கள். அந்தத் தேன்மொழிகளும் மிச்சமிருந்த சரோஜாக்களும் தங்கள் பெண்களுக்கு ஹர்ஷினி, தர்ஷினி என்று ஷகரம் சேர்த்துப் பெயர் வைத்தார்கள். அந்தத் தர்ஷினிதான் இப்போது நம்மவரின் மனைவி. ஆக, பேத்தி மறுபடியும் பூக்கடைக்கு வந்து நிற்கிறாள்.

இவ்வளவு அலைச்சலும் தமிழுக்காக மட்டும் என்று நம்பிவிடாதீர்கள். பேத்திக்குப் பாட்டி பெயர் வைப்பதுதான் நம் வழக்கம். சிக்கல் என்னவென்றால், பேத்தி ஒன்று, பாட்டி இரண்டு. அப்பாவைப் பெற்ற சந்திரா ஒரு பக்கம். அம்மாவைப் பெற்ற சரோஜா, ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மறுபக்கம். சாமி பெயர் வைத்தால் யார் வீட்டுக் குலசாமி என்று பஞ்சாயத்து. இந்த நெருக்கடியில் பூவும் மழையும் தென்றலும்தான் கைகொடுக்கும். அவற்றுக்குச் சாதி கிடையாது, கோத்திரம் கிடையாது, முக்கியமாகச் சம்பந்தி கிடையாது. இயற்கைப் பெயரின் கவர்ச்சி பாதி அதன் மணத்தில். மீதிப் பாதி, அது யார் வீட்டுப் பாட்டிக்கும் சொந்தமில்லை என்பதில்.

குழந்தை பிறந்தது. பெண்ணேதான். ஜோசியர் வேறு, அனுஷ நட்சத்திரம், ந, நி, நு, நே என்று நான்கு எழுத்தை நீட்டிவிட்டுப் போனார். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தாயிற்று. பெயர்க் கட்டம் மட்டும் காலி. “பன்னிரண்டு மாசத்துக்குள்ள சேர்த்தா கட்டணமே இல்லை. தாமதக் கட்டணம் கட்டினா பதினஞ்சு வருஷம்வரைக்கும் டைம் இருக்கு” என்றார் நம்மவர்.

“அப்ப விடுங்க. பத்தாவது பப்ளிக் எக்ஸாமுக்கு அவளே பார்த்து வெச்சுக்குவா” என்றாள் தர்ஷினி.

அந்த ஒரு வாக்கியத்தில் எக்செல் மூடியது. பதினோராவது மாதம் பெயர் முடிவானது: நிலா. இரண்டே எழுத்து. ழகரம் இல்லை, றகரம் இல்லை. மேனேஜர் முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னார். ஜோசியரின் ‘நி’யும் தற்செயலாக உள்ளே வந்துவிட்டது. குடியிருப்பில் இன்னும் மூன்று நிலா இருப்பது பிறகு தெரிந்தது. வானத்தில் ஒன்றுதானே என்று சமாதானம் ஆனார்.

பெயர் சூட்டு விழாவில் தொட்டிலில் குனிந்து பெயரை மூன்று முறை சொன்னார். மகனைப் பெற்ற சந்திராவின் முகம் பூரித்துப் போனது. “என் பேரைத்தான் தமிழ்ல வெச்சிருக்கான்” என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தார். நம்மவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. 99 பூவை அலசியவர் இந்த ஒன்றை யோசிக்கவேயில்லை.

சரோஜா டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முப்பது வருஷம் செய்யுள் நடத்தியவர் அல்லவா?

“மாப்பிள்ளை நல்லாத்தான் இலக்கியம் படிச்சிருக்கார். நிலா வந்தா தாமரை வாயை மூடிக்கணும்னு எனக்கே சொல்லிக் காட்டிட்டாரே!”