டன் கணக்கு

சென்னைக் குப்பையை அள்ள 2000-இல் ஓனிக்ஸ் என்ற தனியார் கம்பெனி வந்தது. அப்புறம் நீல் மெட்டல் ஃபனல்கா. 2020-இல் ஸ்பெயின் கூட்டோடு உர்பேசர் சுமீத். நம்ம வீட்டுக் குப்பைக்கு இருக்கிற வெளிநாட்டுச் சகவாசம் நமக்கே கிடையாது.

முதலில் வந்தவர்களுக்கு டன் கணக்கில் கூலி. எடை மேடையில் லாரி ஏறினால் அது வாழைத்தோலா, இடித்த சுவரின் செங்கல்லா என்று தராசு கேட்காது. 'குப்பையைக் குறைப்பீர்' என்று மாநகராட்சி போஸ்டர் ஒட்டும். நாம் குறைத்தால் ஒப்பந்ததாரருக்கு நஷ்டம். மழை பெய்தால் நனைந்த குப்பைக்கு எடை கூடும். வருண பகவானையும் பங்குதாரராகச் சேர்த்திருக்கலாம், அவர் டெண்டர் போடவில்லை. இருபது வருஷம் கழித்து, எடைக்கில்லை, வேலை சுத்தத்துக்குத்தான் பணம் என்று மாற்றினார்கள். பரவாயில்லை, சீக்கிரமே தோன்றியிருக்கிறது.

கம்பெனி எதுவானாலும் கொடுங்கையூர், பெருங்குடி குப்பை மேடுகள் அதே இடத்தில்தான் இருந்தன. பெருக்குகிற கைகளும் அதே கைகள்தான்.

2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களும் தனியாருக்குப் போவதை எதிர்த்து, தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. அந்த ஒரு வேலையை மட்டும் யாருக்கும் டெண்டர் விடாமல் அரசாங்கமே நேரடியாகச் செய்தது.