ஹோலுக்குள் ஒரு வட்டை

மட்டக்களப்பில் கல்யாணம் கட்டின ஆணுக்குச் சொந்தமாக ஒரு பூச்சாடி கூடக் கிடையாது. இங்கே குடி தாய்வழியில் இறங்கும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளை ஒரு பையைத் தூக்கிக்கொண்டு அந்த வீட்டுக்குள் வந்து சேருவார். முக்குவர் மத்தியில் முதுசச் சொத்து எப்படிப் பெண்வழியில் போகிறது என்று பிரிட்டோ என்பவர் 1876இலேயே ஒரு புத்தகம் போட்டுவிட்டார். ஆகவே எங்கள் ஹோலில் இருக்கிற பூக்கண்டுகளைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் உரித்து இல்லாத ஒருவனின் பேச்சு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வீடு கல்லடியில். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு துண்டு மணல். மாமியின் வீடு என்பதே சரி. மாமி என்னோடு நேரே கதைக்கமாட்டா, மரியாதை. நான் முன்னால் நின்றாலும் செய்தி மகள் வழியாகத்தான் வந்து சேரும். "புள்ள, அவருக்குச் சொல்லு, தேத்தண்ணி ஆறுது." தேத்தண்ணி என் கையில் இருக்கும்.

அந்தத் தேத்தண்ணிக்குள்தான் கொசு முதலில் விழுந்தது.

நுளம்பு அல்ல, கொசு. நுளம்பு கடிக்கும், அதற்கு இரத்தம் வேண்டும், ஒரு நியாயம் இருக்கிறது. இந்தக் கொசு கடிக்காது, குத்தாது, பாடாது. கைமாற்றுக் கேட்க வந்துவிட்டு வாய்திறக்காமல் இருக்கிற உறவுக்காரரைப்போல மூஞ்சிக்கு முன்னால் சும்மா நிற்கும். பாடும் மீனைக் கேட்க முழுநிலவு வேண்டும், தோணி வேண்டும், துடுப்பை வாவிக்குள் விட்டு மற்ற நுனியில் காதை வைக்க வேண்டும். கொசுவுக்கு ஒரு கோப்பை போதும்.

ஹோலுக்குள் பூக்கண்டு வைப்பது எங்கள் பக்கத்தில் புதிய நாகரிகம். குரோட்டன் என்றால் படியோரம், அந்தூரியம் என்றால் விறாந்தை, கறிவேப்பிலை கிணற்றடி என்று முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் இருந்தது. 2020இல் கொரோனா ஊரடங்கு எல்லாரையும் உள்ளே பூட்டியபோது, கைத்தொலைபேசியில் வெளிநாட்டு வீடுகளைப் பார்த்துப் பார்த்து என் மனைவி மணி பிளான்டையும் ஸ்நேக் பிளான்டையும் உள்ளே அழைத்தாள். கொஞ்சக் காலம் கழித்து ஆரையம்பதியிலிருந்து ஒரு பெரிய அந்தூரியச் சாடியும் வந்தது. மச்சான் அங்கே பெண் எடுத்தவர். அவருடைய மாமியார் வீட்டார், அதாவது எங்கள் மாமியின் சம்பந்திமார், ரிபன் எல்லாம் கட்டி அனுப்பியிருந்தார்கள்.

இந்தப் பூச்சியைப் பூஞ்சணக் கொசு என்று சொல்லலாம். காளான் வளர்க்கிறவர்கள் சியாரிட் ஈ என்பார்கள். பறந்து திரிகிறதன் ஆயுள் ஒரு கிழமை, மிஞ்சினால் பத்து நாள். அதைக் கைதட்டிக் கொல்கிறவர் கைதான் நோகும். குடும்பம் முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது. ஒரு பெண்கொசு 100, 200 முட்டை வரை ஈரமண்ணில் இடும். கறுத்த தலையும் கண்ணாடி உடம்புமாகப் புழு பொரித்து, மேல்மண்ணின் ஓரிரு அங்குலத்துக்குள் கிடந்து பூஞ்சணத்தையும் அழுகலையும் தின்னும். அது போதாதபோது இளவேரிலும் வாய் வைக்கும். முட்டை பறக்கிறதாக மாற மூன்று நாலு கிழமை. எங்கள் வெக்கையில் அதுவும் குறையும். மண் ஈரமாக இருக்கும்வரை இந்தச் சக்கரம் நிற்காது. மண் ஏன் ஈரமாக இருந்தது என்பதுதான் எங்கள் வீட்டு அரசியல்.

மாமி காலையில் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றுவா. பத்து மணிக்குத் தேயிலைச் சக்கை. மத்தியானம் இறால் கழுவின தண்ணீர் உள்ளே வராமல் மனைவி கதவடியில் நின்று மறிப்பாள். மறித்த குற்றத்துக்குப் பரிகாரமாக அவளே ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றுவாள். பின்னேரம் பிள்ளை பள்ளிக்கூடப் போத்தலில் மிச்சம் இருந்ததைக் கவிழ்ப்பான். அரிசித் தண்ணீரின் மாப்பொருளில் பூஞ்சணம் செழிக்கும், பூஞ்சணத்தில் புழு செழிக்கும் என்று நான் சொன்னேன். "புள்ள, அவருக்குச் சொல்லு, பூக்கண்டுக்கும் உசிர் இரிக்கி." உயிர் இருப்பதை நான் மறுக்கவில்லை. ஒவ்வொரு சாடிக்குள்ளும் அளவுக்கு மிஞ்சிய உயிர் இருக்கிறது என்பதே என் வாதம்.

மண்ணும் எங்களுக்கு எதிராகத்தான் நின்றது. சாடிக்குள் பாதிக்கு மேல் தும்புச்சோறு. அது தன் எடையைப்போல ஏழெட்டு மடங்கு தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே மட்டும் காய்ந்ததுபோல நடிக்கும். மிச்சம் கூட்டெரு. 2021 மேயில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையைத் தளர்த்தியது நினைவிருக்கும். நடுவில் இருந்த மாதங்களில் நாடே சேதனப் பசளையைப் பற்றித்தான் பேசியது. வயல்காரர் தலையில் கை வைத்தார்கள். எங்கள் வீட்டில் கொல்லையில் குழி வெட்டிக் கூட்டெரு செய்தோம். அது இன்றும் தீரவில்லை. அந்தக் கொள்கையால் மனசார மகிழ்ந்த ஒரே விவசாயி பூஞ்சணக் கொசுதான் என்பது என் அபிப்பிராயம்.

போதாததற்கு டெங்கு. 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குச் சந்தேகத்தில் பதிவானார்கள். அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் சிரட்டை நிமிர்ந்து கிடக்கத் துணியாது. நுளம்பு பெருகும்படி தண்ணீரைத் தேங்கவிட்டால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி வழக்கு வரும். சுகாதாரப் பரிசோதகர், எங்கள் வாயில் பி.எச்.ஐ., படலையடியில் சைக்கிளை நிறுத்துகிற சத்தம் கேட்டதும் மாமி சாடிகளுக்குக் கீழே இருக்கிற தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதிலிருக்கிற தண்ணீரை அந்தந்தச் சாடிக்குள்ளேயே ஊற்றிவிடுவா. பி.எச்.ஐ. தட்டைத் தட்டிப் பார்த்து, காய்ந்திருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போவார். நுளம்புக்கு வீடில்லை. கொசுவுக்கு மாடிவீடு.

மருந்து என்று நான் முதலில் பிடித்தது மஞ்சள் நிறத்தை. இந்தக் கொசுவுக்கு மஞ்சள் மீது மயக்கம் உண்டு. மஞ்சள் அட்டையில் பசை பூசி மண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் வந்து ஒட்டும். மாஜரின் டப்பா மூடிகளை எடுத்து ஆமணக்கெண்ணெய் தடவிக் குத்தி வைத்தேன். கொசு ஒட்டியது. ஒரு பல்லியும் விழுந்தது. மாமி பஞ்சாங்கத்தை எடுத்துப் பல்லி விழும் பலன் பார்த்தா. தலை, தோள், முழங்கால் எல்லாவற்றுக்கும் பலன் இருந்தது, மாஜரின் மூடிக்கு இல்லை. அவவைப் பார்த்துச் சிரிக்கத் தேவையில்லை. ஐரோப்பியக் காடுகளில் இந்தக் கொசுவின் உறவினமொன்றின் புழுக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கயிறாக நீண்டு ஊர்ந்து போகும். ஜெர்மன்காரர் அதற்குப் படைப்புழு என்று பெயர் வைத்து, யுத்தம் வரப்போகிறது என்று நடுங்கியிருக்கிறார்கள்.

மூடியில் ஒட்டுவது பறக்கிறது மட்டும். மண்ணுக்குள் இருப்பதற்கு வேப்பெண்ணெய் என்றார்கள். கொஞ்சம் சவர்க்காரத் தண்ணீரில் கலக்கி ஊற்றினால் புழு தோல் கழற்ற முடியாமல் திணறும். ஊற்றினேன். ஹோல் முழுக்க வேம்பு மணத்தது. பக்கத்து வீட்டு அண்ணன் மஞ்சள்தூளும் போடச் சொன்னார், வேப்பங்கொப்பை வாசலில் கட்டச் சொன்னார். கட்டினேன். அன்றைக்குப் பார்த்துச் சீட்டுக்காசு வாங்க ஒரு அக்கா வந்தா. வாசலில் வேப்பிலை, உள்ளே மஞ்சள், வேம்பு வாசம். படலைக்கு வெளியிலேயே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டா.

"ஆருக்குக்கா அம்மாள் வந்திரிக்கி? தண்ணி எப்ப வாக்கப்போறீங்க?"

உள்ளே இருந்து மாமி பூக்கண்டுகளை நினைத்துக்கொண்டு பதில் சொன்னா: "நாங்க ஒவ்வொரு நாளும் வாக்கத்தான் நிக்கிறம். மருமகன்தான் வாக்க வேணாமெண்டு புடிவாதமா நிக்காரு!"

அம்மாள் வருத்தம் கண்ட வீட்டில் தண்ணீர் வார்க்க விடாத மருமகன் என்ற பெயர் எனக்குக் கல்லடி முழுக்கக் கிடைத்தது. சீட்டுக்காசை அந்த மாதம் யாரும் கேட்கவில்லை.

இதற்கென்றே ஒரு பக்டீரியா இருக்கிறது. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் யோவெல் மார்கலித் என்ற விஞ்ஞானி, செத்த நுளம்புப் புழுக்கள் மிதந்த ஒரு குட்டையில் அதைக் கண்டெடுத்தார். பி.டி.ஐ. என்பது அதன் சுருக்கப் பெயர். அது ஒரு புரதப் பளிங்கை உண்டாக்கும். புழுவின் குடல் காரமானது, அங்கே போய்ப் பளிங்கு கரைந்து குடற்சுவரைத் துளைத்துவிடும். நம்முடைய வயிறு அமிலம் என்பதால் நமக்கு ஒன்றும் செய்யாது. நுளம்புப் புழுவைக் கொல்கிற அதே சரக்கு பூஞ்சணக் கொசுப் புழுவையும் கொல்லும், அளவு மட்டும் கூட வேண்டும். டவுனில் வயல் மருந்து விற்கிற கடையில் கேட்டேன். கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"எத்தின ஏக்கர்? எந்த வட்டை?"

"ஹோல்," என்றேன்.

அவர் அப்படி ஒரு வயல்வட்டை வவுணதீவுப் பக்கமா, செங்கலடிப் பக்கமா என்று யோசிக்கத் தொடங்கியதும் நான் மெல்ல வெளியே வந்துவிட்டேன்.

இரவில் இந்தப் பூச்சியைப் பற்றி வாசித்ததில் ஒரு செய்தி என்னை எழும்பி உட்கார வைத்தது. இதன் ஆண், தகப்பனிடமிருந்து வந்த நிறமூர்த்தங்களைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. விந்து உருவாகும்போது தகப்பன் பங்கு முழுவதும் கழிக்கப்படும். தாயிடமிருந்து வந்தது மட்டும்தான் இறங்கும். எந்த நிறமூர்த்தம் யாரிடமிருந்து வந்தது என்று கலம் நினைவு வைத்திருக்கிற இந்த விசித்திரத்துக்கு ஹெலன் குரூஸ் என்ற அம்மையார் 1960இல் பெயரே சூட்டினார். ஆக, கொசுவும் தாய்வழிக் குடி. இன்னொன்று: இந்தக் குடும்பத்தில் ஓரினத்தில் ஒரு தாய் பெற்றால் பெண்ணாகவே பெறும், இல்லாவிட்டால் ஆணாகவே பெறும். எங்கள் ஊர் முறைப்படி ஒவ்வொரு பெண்பிள்ளைக்கும் ஒரு வீடு கட்டவேண்டும். நூறு பெண் பெற்ற தாய் அத்தனை பேருக்கும் எங்கே காணி தேடுவாள்? எங்கள் மணி பிளான்டுக்குள்தான். மனைவியை எழுப்பிச் சொன்னேன். "அதுகளாவது மாப்பிள்ளைக்குக் காது குடுக்காம இரிக்கிதுகள்," என்று திரும்பிப் படுத்தாள்.

மாமியை மாற்றியது உருளைக்கிழங்கு. கிழங்கை வட்டமாக வெட்டி மண்ணில் அழுத்தி வைத்தால் புழு அதன் அடியில் வந்து கூடும். எந்தச் சாடியில் எவ்வளவு என்று கணக்கெடுக்கலாம். வைத்துவிட்டு நான் வேலைக்குப் போனேன். மாமி அதைக் கண்டா. மருமகனுக்குக் கடைசியில் தோட்டத்தில் ஆசை வந்துவிட்டது என்று உச்சி குளிர்ந்து, கிழங்கு முளைக்கட்டும் என்று வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றியிருக்கிறா. மூன்றாம் நாள், முளைத்ததா என்று புரட்டிப் பார்த்தா.

அந்தச் சத்தம் வாவிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். கிழங்கின் அடியில் வெள்ளைப் புழு நெளிந்தது. "அரிசித் தண்ணிய இதுகளா குடிச்ச!" ஆத்திரம் புழுவின் மீது இல்லை, இத்தனை நாள் ஊற்றிய தண்ணீரின் மீது. அன்று மாமி முதன்முறையாக என்னைப் பார்த்து நேரே கேட்டா: "இப்ப என்ன செய்யிற?"

ஒன்றும் செய்யாமல் இருக்கவேண்டும் என்று சொன்னால் மறுபடி மகள் வழிக்குப் போய்விடுவா என்று பயந்து, செய்வதற்கு ஒரு வேலை கொடுத்தேன். தென்னோலை ஈர்க்கு. விரலின் இரண்டு மூட்டு ஆழத்துக்குக் குத்தி எடு. மண் ஒட்டி வந்தால் ஊற்றாதே, சுத்தமாக வந்தால் ஊற்று. தட்டுத் தண்ணீரை முற்றத்துக்கு வீசு. மேலே ஓரங்குலம் கழுவின ஆற்றுமணல் பரப்பு. கடற்கரை மணல் காலடியில் கிடக்கிறதே என்று அள்ளக்கூடாது, உப்பு வேரைப் பதம் பார்த்துவிடும். மாமி ஈர்க்கைச் சட்டமாக எடுத்துக்கொண்டா. பிள்ளை போத்தலைக் கவிழ்க்கப் போனால், "குத்திப் பாத்தயா மனே?" மனைவி செம்பைத் தூக்கினாலும் அதே கேள்வி. ஈர்க்கு இல்லாமல் தண்ணீர் குடிக்க எனக்கே யோசனையாக இருந்தது.

மாரியில் தொடங்கியிருந்தால் இது நடந்திருக்காது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி தாண்டும்வரை மழை எங்களைப் பிழிகிறபோது ஹோலுக்குள் உப்புப்போத்தலே தண்ணீர் விடும், தும்புச்சோறு எங்கே காயும்? எங்கள் நல்ல காலம், கச்சான் பிறந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, வெறும் வெக்கையோடு இறங்கி வருகிற காற்று உதட்டையே வெடிக்க வைக்கும். மேல்மண் ஒரு பகலில் காய்ந்துவிடும். ஜன்னல்களைத் திறந்துவிட்டோம். மாஜரின் மூடியில் ஒட்டுகிற கொசு நாளுக்கு நாள் குறைந்து, கடைசியில் என் தேத்தண்ணி எனக்கே மிஞ்சியது.

அந்தூரியம் மட்டும் அடங்கவில்லை. எங்கள் வீட்டுக்குக் கொசுவைக் கொண்டுவந்ததே அந்தச் சாடிதான் என்பது என் கணிப்பு; புதிதாக வருகிற பூக்கண்டை இரண்டு மூன்று கிழமை வெளியே தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுக்கவேண்டும் என்று தோட்டக்காரர்கள் சொல்வது இதற்காகத்தான். மண்ணை முழுக்கக் கொட்டி வேறு மண் போடுவோம் என்றேன். மாமி கேட்கவில்லை. சாடியைப் பின்விறாந்தையில் வைத்து, இலையெல்லாம் துடைத்து, அலுமாரியிலிருந்து பழைய ரிபனைத் தேடி எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தா.

"புள்ள, அவருக்குச் சொல்லு, ஒரு ஓட்டோ புடிக்கச் சொல்லி. ஆரையம்பதியில சம்பந்தி வீட்ட அடுத்த கிழமை பால் காய்ச்சுறாங்களாம். போன முறை அவங்க தந்ததுக்கு நாம இன்னும் ஒண்டும் திருப்பிக் குடுக்கல்லயே."