சேற்றுக்குள் நரசிம்மர்

இரணியன் வாங்கிய வரம் தெரியும்தானே? பகலிலும் சாவு கூடாது, இரவிலும் கூடாது. குளோரின் ஏற்றிய பிசிபி என்கிற எண்ணெயும் அந்த ராசியில் பிறந்ததுதான். லேசில் தீப்பிடிக்காது, அமிலத்துக்கு அசையாது, கெட்டே போகாது. ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனிக்கு வாயெல்லாம் பல். நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த அதன் இரண்டு ஆலைகள் கெப்பாசிட்டருக்குள் அதை ஊற்றின. சிந்தியதையும் கழுவியதையும் ஆற்றில் விட்டன. 1947 முதல் 1977 வரை இதே திருப்பணி. 13 லட்சம் பவுண்டு வரை போயிருக்கலாம் என்பது அரசாங்கக் கணக்கு.

1973-ல் ஃபோர்ட் எட்வர்டில் பழைய அணை ஒன்றைப் பெயர்த்தார்கள். அதன் பின்னால் சமர்த்தாகப் படுத்திருந்த சேறு, ஆற்றோடு ஊர்வலம் கிளம்பியது. பிசிபி நஞ்சு மீனுக்குள்ளும் ஏறியிருந்ததால், 1976-ல் மீன் பிடிக்கத் தடை.

தூணைப் பிளக்கவில்லை, சேற்றைக் கிளறினார்கள். உள்ளே பாக்டீரியா! காற்றே புகாத அடிச்சேற்றில், பிசிபியிலிருந்து குளோரினைப் பிடுங்கி, அதை வைத்தே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. 1987-ல் கம்பெனி விஞ்ஞானிகளே இதைச் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். கம்பெனி விடுமா? ஆறு தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது, தோண்டிக் குழப்பாதீர்கள் என்று காசை இறைத்துப் பிரசாரம் செய்தது. சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது, சங்கமும் கிடையாது. இப்படி வேலையாள் வாய்த்தால் எந்த முதலாளிக்குக் கசக்கும்?

ஆனால் நரசிம்மர் குடலை உருவவில்லை. நகைகளைக் கழற்றியதோடு சரி. பிசிபி என்பது ஒட்டிக்கொண்ட இரண்டு வளையங்கள். குளோரின் உட்கார அவற்றில் பத்து இடங்கள். வெளிப்பக்கத்துக் குளோரின் உதிர்ந்தது, நஞ்சும் ஓரளவு தணிந்தது, வாஸ்தவம். வளையங்கள் ஒட்டுமிடத்தில் பதுங்கிய குளோரின் மட்டும் நகரவில்லை. வளையத்தையே உடைக்கிற பாக்டீரியா வேறு ஜாதி; அதற்கு ஆக்சிஜன் வேண்டும், அடிச்சேற்றில் அது ஏது? கீழ்த்தளத்தில் பாதி பார்த்த ஃபைல், மேல்தளத்துக்கு ஏறவே இல்லை. நம் தாலுகா ஆபீஸுக்குப் போய்வந்தவர்களுக்கு இதற்கு மேல் ரசாயனம் தேவைப்படாது.

2002-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை தோண்டச் சொல்லிவிட்டது. 2009-ல் தொடங்கி 2015 வரை, கம்பெனி செலவிலேயே வாரினார்கள். முதல் வருஷம் வாரிய சேற்றைப் பிழிந்து, ரயிலேற்றி, டெக்சாஸுக்கு அனுப்பினார்கள். சம்பளமில்லாத நரசிம்மர்களும் அதே ரயிலில்தான் போனார்கள், டிக்கெட் இல்லாமல்.