ஐம்பதாயிரத்தின் பாகப்பிரிவினை

அனுப்புநர்: கல்லூரி மாணவன் ஒருவனின் தாய்மாமன், பந்தல்குடி, அருப்புக்கோட்டை வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்: ஜி.எஸ்.டி. கவுன்சில், புதுடெல்லி.

பொருள்: பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டரில் தங்களையும் ஒரு பாகமாகப் பொருத்துவது தொடர்பாக.

மாண்புமிகு உறுப்பினர் பெருமக்களே,

மக்காச்சோளமும் மிளகாயும் போட்ட காசில் அத்தான் தன் மகனுக்கு ஐம்பதாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். படிப்புக்கு என்று சொல்லித்தான் பையன் கேட்டான். படிப்புக்கு எதற்கு கிராபிக்ஸ் கார்டு என்று அத்தான் கேட்கவில்லை. அவருக்குக் கேட்கத் தெரியாததால் பையன் தப்பித்தான். கடையில் கட்டிவைத்த செட் வேண்டாம், பாகம் பாகமாக வாங்கி நானே கோப்பேன் என்கிறான். பிராசசர், மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட், கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் என்று எட்டு பாகம் எழுதிக் கொண்டுவந்து காட்டினான். கூட்டிப் பார்த்தால் ஒன்பதாவதாக ஒன்று ஒளிந்திருக்கிறது. விலை 7,627 ரூபாய். ஐம்பதாயிரத்தை 118 பங்காக்கி அதில் 18 பங்கு, தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். பிராசசருக்கு ஒதுக்கிய தொகையைக் கிட்டத்தட்ட எட்டிப்பிடிக்கும் அந்தப் பாகம் தாங்கள்தான்.

தங்களைப் போல் ஒத்துப்போகும் பாகம் இன்னொன்று கிடையாது. ஏஎம்4 போர்டில் ரைசன் 7000 பிராசசர் உட்காராது. டிடிஆர்5 ராம் டிடிஆர்4 பள்ளத்தில் இறங்காது. நீளமான கார்டு சின்ன கேபினெட்டில் இடிக்கும். தாங்களோ எந்தப் போர்டிலும், எந்தக் கம்பெனிச் சாமானோடும் அப்படியே பொருந்திவிடுகிறீர்கள். ஒரு வாட் கரன்ட் இழுப்பதில்லை, சூடாவதில்லை, ரிப்பேர் ஆவதும் இல்லை. விளையாட்டின் வேகம் மட்டும் தங்களால் ஒரு ஃபிரேம்கூட ஏறாது. பரவாயில்லை, எல்லாருக்கும் எல்லாத் திறமையும் வாய்ப்பதில்லை.

மற்ற எட்டையும் தேர்ந்தெடுப்பதில்தான் எங்கள் பாடு. இங்கே சித்திரை வெயில் நாற்பது டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். காற்றடித்தால் கரிசல் புழுதி, லாரி போனால் சுண்ணாம்புக்கல் தூசி. முன்பக்கம் கண்ணாடி போட்டு வண்ண விளக்கு எரியும் கேபினெட்டைத்தான் பையன் முதலில் ஆசைப்பட்டான். மூச்சு முட்டும் பெட்டிக்குள் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று சொல்லி, வலை முகப்புக்கு மாற்றவைத்தேன். கிணற்று மோட்டார்கள் ஒரே நேரத்தில் ஓடினால் வீட்டு பல்பு மங்கும் ஊர் இது. கேபினெட்டோடு இலவசமாக வரும், மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் இங்கே தனியாகச் சாகாது, போர்டையும் கூட்டிக்கொண்டுதான் போகும். அதில் மிச்சம் பிடித்துப் பெரிய கார்டு வாங்கலாம் என்ற அவன் திட்டத்தை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

கார்டு விஷயம் இன்னும் விசேஷம். 2021-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி நினைவகம். 2023-இல் வந்த 4060-இல் 8 ஜிபி. 2025-இல் வந்த 5060-லும் அதே 8. எண் ஏற ஏற நினைவகம் இறங்கும் இந்த வளர்ச்சியைப் பார்த்துவிட்டு, “மாமா, 132 வாட்தான் இழுக்குது, நம்ம யூபிஎஸ் தாங்கும்” என்று ஆர்எக்ஸ் 6600 பக்கம் சாய்ந்துவிட்டான்.

ராம் கதை தங்களுக்கு இனிக்கும். செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரியையெல்லாம் அள்ளிக்கொண்டதில் 2025 கடைசியில் ராம் விலை தறிகெட்டுப் போனது. மைக்ரான் கம்பெனி தன் ‘குரூஷியல்’ சில்லறை வியாபாரத்தையே மூடப்போவதாக டிசம்பரில் அறிவித்தது. விலை இரட்டித்தால் தங்கள் 18 சதவீதமும் தானாக இரட்டிக்கிறது. விரலை அசைக்காமல் இப்படி மகசூல் காண்கிறவர்கள் எங்கள் மானாவாரி வட்டாரத்தில் யாரும் இல்லை. இங்கே வாங்கும் டேட்டா சென்டர்காரர் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்வார். அத்தானுக்கு அந்த வசதி இல்லை. அவரோடு வரி முடிந்துவிடுகிறது.

2025 செப்டம்பர் 3-இல் கூடி, 22-ஆம் தேதி முதல் தாங்கள் தந்த சலுகைகளையும் மறக்கவில்லை. சிமென்ட் 28-லிருந்து 18-க்கு இறங்கியது. எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லின் சார்பில் நன்றி. பாக்கெட் பரோட்டாவுக்கு வரியே இல்லை என்றீர்கள்; விருதுநகர் மாவட்டமே தலைவணங்குகிறது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டரும் 28-லிருந்து 18 ஆனது. எங்கள் பையன் பார்த்துவைத்திருப்பது 24 அங்குலம். அதற்கு முன்பும் 18, பின்பும் 18. பெரிய திரைக்காரர்களின் கஷ்டம் தங்கள் கண்ணில் முதலில் பட்டதில் வியப்பில்லை, பெரிதாக இருப்பதுதானே கண்ணில் படும்.

2024 டிசம்பரில் ஜெய்சால்மரில் கூடியபோது, உப்பு போட்ட பாப்கார்ன் சில்லறையாக விற்றால் 5, பாக்கெட்டில் அடைத்தால் 12, சர்க்கரைப் பாகு பூசினால் 18 என்று விளக்கம் தந்த சபை இது. கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் போடும் அத்தான் அதைக் கேட்டு அசந்துபோனார். அந்த நுட்பத்தை இந்தக் கம்ப்யூட்டர் மீதும் கொஞ்சம் காட்டலாம். பகலில் புரோகிராம் எழுதினால் 5, ராத்திரி ‘வாலரன்ட்’ ஆடினால் 18, அம்மா அறைக்குள் வரும்போது திரையை மாற்றினால் 40 என்று மூன்று அடுக்கு போட யோசனை சொல்கிறேன். மூன்றாவதில் வருமானம் கொட்டும்.

தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஓட்டு வேண்டும், மத்திய அரசின் கையில் மூன்றில் ஒரு பங்கு என்பது தெரியும். மாநிலங்கள் எல்லாம் ஒன்றாகக் கைதூக்கினாலும் டெல்லி தலையாட்டாமல் நடக்காது. எங்கள் வீட்டிலும் அக்கா, பையன், நான் மூவரும் சேர்ந்தாலும் அத்தான் சம்மதிக்காமல் அறுபதாயிரம் ஆகாது. அதனால் தங்கள் நடைமுறையை விளக்கத் தேவையில்லை.

பதில் வர நாளாகும் என்பதால் மாற்று ஏற்பாடு செய்துவிட்டோம். மதுரையில் விடுதி மாணவன் ஒருவன் தன் பழைய 6600-ஐ விற்கிறானாம். அவன் வியாபாரி இல்லை, ஜி.எஸ்.டி. எண் கிடையாது, ஆகவே வரியும் இல்லை. அருப்புக்கோட்டை பஸ் ஏறி வாங்கிவரப் பையன் ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறான். இந்தப் பத்தியை மட்டும் கூட்டக் குறிப்பில் ஏற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் ஒன்பதாம் பாகத்துக்குப் பணம் கட்டும்
தாய்மாமன்